மூடி ஆடும் சத்தம்

மலையேறப் போகிறவனுக்கு முதல் எதிரி அவன் முதுகில் இருக்கும் பைதான். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் லீவு விட்டதும், வருஷா வருஷம் நாங்கள் நாலு பேர் மேற்கே மலைக்குக் கிளம்புவோம். அதற்கு முன்னால், சிவகாசியில் நான் வேலை பார்க்கும் காலண்டர் பிரஸ்ஸின் பார்சல் தராசில் ஒவ்வொரு சாமானும் ஏறி இறங்கும். சோப்பைப் பாதியாக வெட்டுவேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பை ஒடித்து எறிவேன். "ஏலே, மொதல்ல ஒன் தொப்பையக் கழட்டி வையி, அம்புட்டும் கொறையும்" என்பான் கம்பெனி வேன் ஓட்டும் நண்பன். பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கும் இன்னொருவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

நாலாவது ஆள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இந்த ஆடியில் நடந்த வெடி விபத்தில் போய்விட்டான்.

அவன் பை பழைய கித்தான் பை. அதன் மேல் மூடி சரியாக உட்காராத ஓர் அலுமினியச் சட்டியைக் கட்டியிருப்பான். அந்தக் கனத்துக்காக நான் அவனைத் திட்டாத பயணம் கிடையாது. பாரத்தினால் எப்போதும் கடைசியாகத்தான் வருவான். நடக்க நடக்க மூடி லொடலொடவென்று ஆடும். சத்தம் கேட்கிறவரை நாங்கள் திரும்பிப் பார்க்க மாட்டோம். சத்தம் நின்றால் நின்று காத்திருப்போம்.

இந்த வருஷம் கனமே இல்லாத ஒரு புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் மனைவி அந்தக் கித்தான் பையோடு பிரஸ்ஸுக்கு வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சியைப் பெட்டியில் அடைக்கிற வேலை அவளுக்கு.

"அண்ணே, இதையும் கொண்டு போங்க."

தராசில் வைத்துப் பார்த்தேன். எங்கள் பைகள் எல்லாவற்றையும்விடக் கனம். "புதுச் சட்டி வாங்கியாச்சும்மா. இது ரொம்ப வெயிட்டு" என்றேன்.

"வெயிட்டுன்னா அவுகள விட்டுட்டாப் போவீக? சீசன் பூரா அந்த மலையத்தான் பேசிக்கிட்டு இருந்தாக. இந்த ஒரு தடவ கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

அவள் அழவில்லை. புதுச் சட்டியைப் பிரிக்காமலே பிரஸ்ஸில் வைத்துவிட்டேன்.

பையை நான்தான் சுமந்தேன். அதனால் நான்தான் கடைசி. முதுகுக்குப் பின்னால் மூடி ஆடிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் காலில் முள் குத்தி நின்றேன். முன்னால் போன இரண்டு பேரும் சட்டென்று நின்று திரும்பினார்கள். என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு எனக்கும் பயம் வந்துவிட்டது. மூடி என் முதுகில்தான் ஆடுகிறது என்று தெரிந்தும், பின்னால் யாரோ வருவதுபோலவே இருந்தது.

சாயங்காலம் தூறல். அரிசி கழுவி, கேஸ் அடுப்பை வைத்து, ஆளுக்கு ஆள் சட்டைப் பையைத் தடவினோம். ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை. தேசத்துக்கே தீப்பெட்டி அனுப்புகிற ஊர்க்காரர்கள்! ஆனால் கம்பெனியானாலும் பிரஸ்ஸானாலும் எங்கள் ஊரில் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி வைத்துக்கொள்ளும் பழக்கமே எங்களுக்கு இல்லை. அவனுக்கும் கிடையாது. பின்னே வருஷா வருஷம் சமைக்கிற அவன் அடுப்பை எதை வைத்துப் பற்ற வைத்தான்?

கித்தான் பையின் பக்கவாட்டு அறையில் கையை விட்டேன். காலண்டர் சுற்றும் பிளாஸ்டிக்கில் மடித்து, ஒரு புதுத் தீப்பெட்டி. அவன் மனைவி எப்போதும்போல வைத்து அனுப்பியிருக்கிறாள்.

"நீ பத்த வையி" என்றான் டிரைவர். "நீயே வையேன்" என்றேன். டிரைவர் பின்வாங்கினான். நானே குச்சியை எடுத்தேன். ஆடியில் செத்தவனை ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டியவன் நான். எடுத்த குச்சியைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அவலை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

இறங்கியதும் மூன்று பேருமாகப் பையைக் கொடுக்கப் போனோம். அவள் முதலில் தீப்பெட்டியைத்தான் எடுத்தாள். காதருகே குலுக்கிப் பார்த்தாள்.

"ஒரு குச்சிகூடக் கொறையலையே. பட்டினியாவா கெடந்தீக?"

நாங்கள் கிளம்பப் பார்த்தோம்.

"ஒக்காருங்க. டீ போடுறேன்."

அந்தப் பெட்டியிலேயே ஒரு குச்சியை உரசினாள். மூன்று ஆண்பிள்ளைகளும் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தோம். அவள் அடுப்பைப் பற்ற வைத்து, அதே சட்டியில் தண்ணீர் ஊற்றி மூடினாள்.

தண்ணீர் கொதித்தது. மூடி லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. மலையில் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்காதவர்கள் நாங்கள். அன்றைக்கு மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம். அவளும் பார்த்தாள்.

தண்ணீர் சுண்டிக்கொண்டே இருந்தது. அடுப்பை அணைக்க யாருக்கும் கை எழவில்லை.