பட்டனை விடாத அப்பா

கொழும்புக்கு அருகே கொலன்னாவையில் எங்கள் வெள்ளப் பாதுகாப்புக் குழுவுக்கு வோக்கி-டோக்கி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒன்றை அழுத்திவிட்டதும் எழுந்த கரகரப்பு, என்னைப் பழைய வீட்டு மேல்மாடிக்குக் கொண்டுபோனது.

எனக்கு அப்போது பத்து வயது. கீழ்வீடு முழுக்க எண்ணெய் மணக்கும் வெள்ளம். தம்பிக்கு இழுப்பு. அம்மா அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். மீட்புக் குழுவினர் ஒழுங்கைக்கு, அதாவது சந்துக்கு, ஒன்றாகத் தந்திருந்த வோக்கி-டோக்கியை அப்பா இறுக்கிப் பிடித்தபடி, "போட் அனுப்புங்கோ! பிள்ளைக்கு மூச்செடுக்கேலாமக் கிடக்கு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பதிலே இல்லை.

"அந்தப் பட்டனை ஒருக்கா விடுங்கோவன்," என்றார் அம்மா.

"உனக்கென்ன விசரோ? விட்டா எல்லாம் நிண்டுபோயிடும்!"

அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். அங்கே பட்டனிலிருந்து விரலை எடுத்தால் பாரம் அந்தரத்தில் நின்றுவிடும். கருவியின் பின்புறம் ஆங்கிலத்தில் இருந்ததை அவரால் வாசிக்க முடியாது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"அப்பா, விட்டாத்தான் மற்றவை கதைக்கிறது கேக்குமாம்."

தயங்கித் தயங்கி விரலை எடுத்தார். உடனே ஒரு குரல் சிங்களத்தில் சீறியது: எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறோம், எந்த ஒழுங்கை? அப்பா இடத்தைச் சொன்னார். இம்முறை தானாகவே விரலை எடுத்தார். படகு வந்தது.

"திரை உள்ளதை எடுங்கோ மிஸ், எல்லாம் எழுத்தில வரும்," என்றார் கடைக்காரர்.

ஒற்றைப் பெரிய பட்டன் மட்டும் உள்ளதை எடுத்தேன்.

"சனத்துக்கு ஆர் பழக்கிறது?" என்று கேட்டார் அவர்.

"என்ட அப்பா," என்றேன்.