கடைசிப் பக்கத்து மகள்

எனக்குக் கை வைத்தியம் தெரியாது, ஜாதகம் பார்க்கத் தெரியாது. ஆளைப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுக்க மட்டும் தெரியும். எழுபதுகளின் நடுவில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், மலையாள நாட்டு எல்லைக்குள் இருந்த எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், தமிழ் அலமாரி என் பொறுப்பில் இருந்தது. மலையாளத்துக்கு நான்கு அலமாரி, தமிழுக்கு ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஊரையே ஆட்டி வைத்தேன் என்று சொன்னால் அது தற்பெருமைதான். ஆனால் பொய் இல்லை.

அழ வைக்கிற கதையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சலை வரவழைத்தால் போதும். சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே போய், நாம் அசந்த நேரத்தில் தொண்டையை அடைக்க வைப்பதுதான் எனக்குக் கதை. அதிலும் வயதானவர்கள் கதை என்றால் உயிர். இளசுகள் காதலித்தால் முன்னால் முழு ஆயுசும் கிடக்கிறது, தப்பினாலும் திருத்திக்கொள்ளலாம். அறுபது வயதில் ஒருவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க நினைப்பதில் இருக்கும் துணிச்சலும் கோமாளித்தனமும் வேறு எதிலும் கிடையாது. மருமகளோடு பேச்சை நிறுத்திவிட்ட ஒரு மாமியாருக்கு, மாமியாரும் மருமகளும் கூட்டுச் சேர்ந்து வீட்டை விட்டு ஓடிப்போகிற கதையைக் கொடுத்தேன். அடுத்த வாரம் மருமகளே வந்து, இதற்கு இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

என் அலமாரிக்கு ராஜா ஒரு நாவல். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மனைவியை இழந்தவர். வீட்டிலும் கொடி காட்டியே பழகியவர். பூனை பாலைக் குடிக்க வந்தாலும் சிவப்புக் கொடியைத் தூக்குவார். அவர் எதிர்வீட்டு அம்மாளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்கிறார். தடுப்பதற்கு மகள் ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறாள். எதிர்வீட்டைப் பார்த்த ஜன்னலுக்கெல்லாம் ஆணி அடிக்கிறாள். அவள் வருகிற பக்கமெல்லாம் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். கடைசிப் பக்கத்தில் முகூர்த்தம். மகள் வரவில்லை. கிழவர் தாலியைக் கட்டிவிடுகிறார். படித்துவிட்டுத் திருப்பித் தருகிறவர்களிடம், "அந்தப் பிடாரி வராததே நல்லதுங்க, வந்திருந்தா கண்ணாலமே நின்னிருக்கும்" என்பேன். எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

அம்மா இறந்து அப்போது ஆறு வருஷம். நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். மத்தியானம் தவறாமல் கேரியரில் சோறு அனுப்புவேன். பஞ்சாங்கத்தைத் தவிர எதையும் படித்தறியாத மனிதர், ஒரு நாள் வாயனசாலைப் படியேறி வந்து, "ஒரு பொஸ்தகம் குடு அம்மிணி. சிரிக்கற மாதர இருக்கோணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கார்டு நாவலை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாசம் வைத்திருந்தார். வேறு யாராவது என்றால் வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

திருப்பித் தரும்போது மேஜையில் புத்தகத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னார்.

"நெம்ப நல்ல பொஸ்தகம். நானும் அப்பிடிப் பண்ணிக்கலாமுன்னு இருக்கறேன்."

"எப்பிடிங்கப்பா?"

"கண்ணாலந்தான்."

பெண் யார் என்றும் அவரே சொன்னார். பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். நாற்பத்தெட்டு வயது, சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். போன கோடையில் பள்ளிக்கூடத்துக் கிணறு வற்றியபோது, பிள்ளைகளை எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமுக்குத் தண்ணீர் குடிக்கக் கூட்டி வந்தவர். மழை பெய்து அந்தக் கிணறு ஊறிய பிறகும் டீச்சருக்கு எங்கள் தண்ணீர்தான் பிடித்திருந்தது போலிருக்கிறது.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நேரம் தவறாம சோறு அனுப்பறேன். உங்களுக்கு என்னங்கப்பா கொறை?"

"கேரியர்ல சோறு வருது அம்மிணி. பேச்சு வருதா?"

"அது கதைங்க! கதையப் படிச்சுப்போட்டு யாராச்சும் இப்பிடிக் கெளம்புவாங்களா?"

"கதைதான்னா, அத எதுக்கு ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்த?"

மடக்கிக் கேட்டால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். "பண்ணிக்கங்க. நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கேரியர் மட்டும் தோட்டத்துக்குப் போயிற்று, நான் போகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஏற்கெனவே படித்தவர்கள்கூட மறுபடியும் அந்த நாவலைக் கேட்டு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். நான் அதை மலையாள அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று சாதித்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த உபதேசி நானேதான்.

ஒரு சனிக்கிழமை அந்தத் தையல் டீச்சரே வந்தார். ஒல்லியான உடம்பு, தோளில் துணிப்பை. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, ஒண்ணே ஒண்ணு கேட்டுப்போட்டுப் போயர்றனுங்க. அந்தக் கார்டு கதையில, கடேசில அந்தப் புள்ள கண்ணாலத்துக்கு வந்துச்சுங்களா?"

அப்போதுதான் இரண்டு மாசக் கதை எனக்கு விளங்கியது. சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சர் மோட்டார் ரூமுக்கு வருவாராம். அப்பா தினம் நாலு பக்கம் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துக் காட்டுவாராம். மகள் ஜன்னலுக்கு ஆணி அடிக்கிற இடத்தில் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டதாம்.

"கடேசிப் பக்கம் மட்டும் கிழிஞ்சு போயிருக்குதுன்னுட்டாருங்க. அதான் உங்களக் கேக்கலாமுன்னு வந்தேன்."

கிழியவில்லை. என் அலமாரியில் ஒரு புத்தகத்திலும் ஒரு பக்கம்கூடக் கிழிந்தது கிடையாது.

"எதுக்குங்க கேக்கறீங்க?" என்றேன்.

"அந்தப் புள்ள வரலீன்னா, இது வேண்டாமுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடறனுங்க. ஒரு புள்ளைய அழ வெச்சுப்போட்டு வந்து ஒக்காந்தா, அந்த ஊட்ல எனக்குச் சோறு எறங்குங்களா?"

வரவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மை. புத்தகத்துக்குள் இருப்பதைப் பற்றி நான் அதுவரை பொய் சொன்னதே இல்லை. அந்த உண்மையைச் சொல்லிவிட்டால் கல்யாணம் அன்றே நின்றுவிடும், அப்பா பழையபடி கேரியருக்குக் காத்திருப்பார். நான் வாயைத் திறந்தேன்.

ஆனால் அப்பாவும் பொய் சொல்கிறவர் இல்லை. மாட்டை விற்கும்போது, "இது கொஞ்சம் ஒதைக்குமுங்க" என்று தானே எடுத்துச் சொல்லி விலையைக் கெடுத்துக்கொண்டவர். அவர் அந்த ஒரு பக்கத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அவரால் அதை வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. நான் எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே புரட்டிய பக்கம் அது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"வந்துச்சுங்க" என்றேன்.

"நெசமாலுமா?"

"கொஞ்சம் மொரண்டு பண்ணுச்சு. ஆனா வந்துருச்சு. நாந்தான் படிச்சிருக்கறனே."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஆவணியில் ஊர்க்கோடிப் பிள்ளையார் கோயிலில் கல்யாணம். காலையில் அம்மா படத்துக்கு முன்னால் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் கிளம்பினேன், அதை மறைப்பதற்கில்லை. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. நான் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார், ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் சரிசெய்தார். நல்ல நேரம் போகிறது என்று பூசாரி தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பூசாரியைக் கேட்கவில்லை, டீச்சரைக் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"கட்டட்டுமா அம்மிணி?"

"கட்டுங்கப்பா" என்றேன்.