அந்நியம் என்றேன்

காலை பதினொன்று இருபதுக்கு டாக்டரம்மாவின் பேச்சு நின்றது. அதுவரை ஸ்கேன் திரையில் விரல், முதுகெலும்பு என்று காட்டிக்கொண்டே வந்தவர், குழந்தையின் நெஞ்சுக்கு வந்ததும் கருவியை அங்கேயே வைத்து மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தார். என் மனைவி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

இதயத்தின் நடுச்சுவர் சரியாக உருவாகவில்லை. அடுத்த அறையில் மரபணு ஆலோசனை சொல்லும் டாக்டர், ஒரு தாளில் இதயம் வரைந்து காட்டினார். பிறந்தபின் அறுவைசிகிச்சை செய்யலாம். ஆனால் கோளாறு இதயத்தோடு நிற்கிறதா என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது, பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். பிறகு, ஊர் எது என்று விசாரிப்பதைப் போலக் கேட்டார்.

"சொந்தத்துல முடிச்சீங்களா?"

"இல்லை மேடம். அந்நியம்."

என் மனைவி என் உடன்பிறந்த அக்காவின் மகள்.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். நெருங்கிய உறவில் மணமுடிப்பதன் விளைவுகளை ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் விளக்குபவன். ஒருமுறை, "சாரு மட்டும் அக்கா மகளைக் கட்டிருக்காக!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

டாக்டர் முன்னால் அந்தச் சிரிப்புதான் காதில் விழுந்தது. மனைவி, "மாமா..." என்று மெல்ல இழுத்தாள். எங்கள் பக்கம் யாரைக் கட்டினாலும் மாமாதான். டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை.

"சொந்தம்னா உங்க ரெண்டு பேர் ரத்தமும் எடுத்து மரபணுவை இன்னும் ஆழமாப் பார்க்கணும். இல்லேங்கிறதால, இப்போதைக்குக் குரோமோசோம் மட்டும் பார்ப்போம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி மேடம்" என்றுதான் வாயில் வந்தது. பிள்ளைக்கு என்னவென்று தெரிந்துகொள்ளப் போன இடத்தில், தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்தேன்.

வெளியே பெஞ்சில் மனைவி கேட்டாள்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீக?"

"அப்புறம் சொல்லிக்கலாம்."

"எப்ப? வயித்துல ஊசி குத்துனதுக்கு அப்புறமா?"

கையெழுத்து வாங்க நர்ஸ் தாளோடு வந்தார். பின்னாலேயே டாக்டரும் அறையை விட்டு வெளியே வந்தார். அப்போதுதான் அக்கா படியேறி வந்தது. எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறது. நகக்கண்ணில் வெடிமருந்தின் வெள்ளி மினுங்கியது. "அம்மா!" என்று மனைவி எழுந்தாள்.

"ஏலே, என்னலே சொல்றாக? பிள்ளை நல்லா இருக்குல்ல?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "என்னம்மா, மருமகனைப் போயி ஏலேங்கிறீங்க?"

"மருமகன்லாம் பெறகுதாம்மா. இவன் என் கூடப்பெறந்த தம்பி. நான் இடுப்புல தூக்கிச் சுமந்த பய."

டாக்டர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்காவுக்கு எதுவும் விளங்கவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது:

"வெளிய குடுத்தா எப்படி வச்சிருப்பாகளோன்னு பயந்துதாந் தாயி, என் தம்பிக்கே குடுத்தேன். எது கேக்கணும்னாலும் இவன்கிட்டயே கேளுங்க. படிச்சவன்."