விளக்கு வைக்கிற நேரத்துச் சத்தியம்

கூடலூருக்கு அருகே ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அதில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் மூன்றாம் லயத்தின் கடைசி வீடு சின்னம்மையுடையது. அவளுக்கு வயது நாற்பத்து நாலு. லயத்தில் யார் காய்ச்சலில் விழுந்தாலும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்க மாட்டாள். வெள்ளிக்கிழமை விடிந்தால் மாரியம்மன் கோயில் வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டுத்தான் கொழுந்துக் கூடையை எடுப்பாள். பிறருக்கு ஒரு சுடுசொல் சொல்லத் தெரியாதவள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. லயத்துக்குக் கீழே ஓடை வளைகிற இடத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் கால் வைக்க மாட்டாள். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் யானைப் பயம். சின்னம்மைக்கு யானை இரண்டாம் பட்சம். அவளுடைய அம்மாவைக் காத்து அடித்தது அங்கேதான்.

அப்போது சின்னம்மைக்குப் பதினைந்து வயது. அம்மா இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். நிறைமாதமாக இருந்தவள் ஓர் அந்தியில் குடத்தோடு ஓடைக்குப் போனாள். திரும்பி வந்து, தலை பிளக்கிறது என்று சுவரில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. வேப்பிலை அடித்தார்கள், எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். எஸ்டேட் டிராக்டரில் ஏற்றினார்கள். வழியிலேயே குழந்தை பிறந்தது. கூடலூர் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு உயிர் இருந்தது. அம்மாவுக்கு இல்லை. ஓடைக்கரைக் காத்துதான் அடித்துவிட்டது என்று லயமே சொன்னது. சின்னம்மையும் அப்படித்தான் நம்பினாள். வேறு எதை நம்ப அவளுக்குத் தெரியும்?

அந்தக் குழந்தைதான் ரேணுகா.

அடுத்த மாதமே சின்னம்மை பதினெட்டு வயது என்று சொல்லிப் பேர் பதிந்து வேலைக்கு நின்றாள். தங்கச்சியை எஸ்டேட்டின் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறுவாள். பத்து மணிக்கு இறங்கி வந்து பால் புகட்டிவிட்டு மறுபடியும் ஓடுவாள். அப்பாவும் சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். இருளப்பன் பெண் கேட்டு வந்தபோது, "தங்கச்சியும் எங்கூடத்தான் வருவா" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். ஃபேக்டரியில் இலை வாட்டும் வேலை செய்கிற இருளப்பன் சிரித்துவிட்டு, "சீதனமா ஒரு புள்ள வருதுன்னா வேணாம்னு சொல்றதுக்கு நான் என்ன கூறு கெட்டவனா" என்றான். அவர்களுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. ரேணுகா இருந்ததால் சின்னம்மை அதைக் குறையாக நினைக்கவில்லை.

ரேணுகாவின் புருஷன் அருண்பிரசாத் மஸ்கட்டில் ஓர் ஓட்டலில் சமையல்காரன். முதல் பிரசவத்துக்கு ரேணுகா ஓவேலிக்கே வந்துவிட்டாள். அத்தனை மாதமும் அந்தி சாய்ந்தால் சின்னம்மை அவளை வாசற்படி தாண்ட விடவில்லை. சுபின் சுகமாகப் பிறந்தான். காத்துக்கு வழி விடாததால்தான் தாயும் பிள்ளையும் தப்பினார்கள் என்று சின்னம்மை ஆத்தாளுக்குப் பொங்கல் வைத்தாள்.

சுபினுக்கு ஒன்றரை வயதாகும்போது, மஸ்கட்டுக்குத் திரும்பியிருந்த ரேணுகா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்தத் தடவை வர முடியாது, அங்கேயேதான் பிரசவம் என்றார்கள். சின்னம்மையிடம் பாஸ்போர்ட் கிடையாது. அவளால் அனுப்ப முடிந்தது திருநீறும் மந்திரித்த கறுப்புக் கயிறும்தான். மஸ்கட்டில் ரேணுகாவுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் ஷமா, கூடலூர் பஜாரில் தன் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவளிடம் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"ஏர்போர்ட்டுல என்ன பவுடருன்னு கேட்டா என்னக்கா சொல்றது?" என்றாள் ஷமா.

"சாமி துன்னூறுன்னு சொல்லு கண்ணு."

"நான் சொன்னா அவன் நம்புவானா? சரி, குடுங்க. மூஞ்சிக்குப் பூசறதுன்னு சொல்லிக்கறேன்."

சிக்னல் கிடைப்பது ஓடை வளைவில்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொழுந்து நிறுத்து முடித்ததும் சின்னம்மை அங்கே போய்ப் பேசிவிட்டு, இருட்டு விழுமுன் ஓட்டமாய் ஏறி வந்துவிடுவாள். கூடப் பறிக்கிற பாலாமணி, "மஸ்கட் கலெக்டரு பேச்சு முடிஞ்சுதா" என்று கேலி செய்வாள்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் ரேணுகா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்.

"அக்கா, இங்க டாக்டரம்மா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் பாக்கும். காலையில இவனத் தூக்கிட்டு நான் ஒருத்தியா அலைய முடியலக்கா. அவரு வேல முடிஞ்சு வர்றதே அஞ்சாயிடுது. வந்ததும் போயிட்டு வந்துடறோம்."

"அங்க அஞ்சு மணின்னா இங்க ஆறரை. விளக்கு வைக்கிற நேரமாச்சே."

"இங்கெல்லாம் லைட்டுதான்க்கா. ராத்திரியும் பகலாட்டந்தான் இருக்கும்."

"காத்துக்கு லைட்டு தெரியுமா?"

ரேணுகா சிரித்தாள். சின்னம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் நுரை தள்ளிய வாய் கண்ணில் வந்து நின்றது. "எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடு. புள்ள பொறக்கற வரைக்கும் அந்தியில வெளிய போகமாட்டேன்னு மாரியாத்தா மேல சொல்லு."

"அக்கா, அப்ப செக்கப்பு?"

"முதல் புள்ளைக்குப் பாத்தாச்சில்ல. எல்லாம் ஒண்ணுதான். ஆத்தா பாத்துக்குவா. சொல்லு."

ரேணுகா சொன்னாள். அக்கா வளர்த்த பிள்ளை. அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. புருஷனிடம், டாக்டரம்மா அடுத்த மாதம் வந்தால் போதும் என்றதாகச் சொல்லிவிட்டாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த மாதமும் சொன்னாள்.

எட்டாம் மாதம். அன்றைக்குக் கொழுந்து நிறுவை முடியவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் என்று வளைவுக்கு ஓடினாள் சின்னம்மை. போனில் ரேணுகாவின் முகம் உப்பித் தெரிந்தது. பின்னால் சுபின் எதையோ போட்டு உடைத்தான்.

"தலை ரெண்டு நாளா பாரமா இருக்குக்கா. கண்ணு முன்னால மினுக்கு மினுக்குங்குது. கால்ல செருப்பே ஏற மாட்டேங்குது பாரு."

"அந்தியில வெளிய போனியா?"

"இல்லக்கா."

"துணி காயப்போடக்கூட?"

"உள்ளதான்க்கா காயப்போடறேன்."

சின்னம்மைக்கு மூச்சு வந்தது. "அப்பப் பயமில்ல. வெறும் அசதி. அவன இடுப்புலயே வெச்சுக்கிட்டுத் திரியாத. துன்னூறு வெச்சுட்டுப் படு."

"நாளைக்கு மட்டும் சாயங்காலம் ஒரு நட டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடட்டுமாக்கா?"

மேலே நிறுவை மேடையிலிருந்து சூப்பர்வைசர் மயில்சாமி, "சின்னம்மை, உன் கூடைய நானா தூக்கி வெக்கறது?" என்று கத்தினார்.

"சத்தியம் பண்ணியிருக்கடி. இன்னும் ஒரு மாசந்தான்" என்று சொல்லிவிட்டு சின்னம்மை போனை இடுப்பில் செருகினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஃபேக்டரியிலிருந்து இருளப்பன் மலையேறி வந்தான். வேலை நேரத்தில் அவன் மெஷினை விட்டு வருகிறவன் அல்ல. சின்னம்மை கையிலிருந்த கொழுந்தைக் கீழே விட்டாள்.

"மஸ்கட்டுலேருந்து போனு. ரேணுகாவுக்கு இழுப்பு வந்துடுச்சாம். சுபின் கதவத் தட்டித் தட்டி அழுதிருக்கான். ஷமாதான் ஆளக் கூட்டி, கதவ ஒடைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. அறுத்து எடுத்திருக்காங்க." இருளப்பன் அவள் முதுகிலிருந்து கூடையை இறக்கி வைத்தான். "பொண்ணாம். உசுரு இல்ல. ரேணுகாவுக்கு இன்னும் நெனவு வரல."

சின்னம்மை அழவில்லை. அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"எந்த நேரத்துல?"

"காலம்பற பத்து மணிக்கு."

"வெளியிலயா?"

"அடுப்படியிலம்மா. சோத்துக்குப் போட்டுட்டு நின்னவ விழுந்திருக்கா."

காலை பத்து மணி. அடுப்படி. சின்னம்மை தேயிலைச் செடிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்தாள். பாலாமணி வந்து தோளைப் பிடித்தாள். பாலாமணியின் வாயிலும் அன்று கேலி இல்லை.

சாயங்காலம் கிராம சுகாதார நர்ஸ் ஆன்சி, மலையாளத்துக்காரி, லயத்துக்கு வந்திருந்தாள். கைக்குழந்தைகளின் ஊசிக் கணக்கு எழுதிக்கொண்டு வாசலில் நின்றவளிடம் சின்னம்மை போய் நின்றாள். தலைபாரம், கண் மினுக்கல், வீங்கின கால், எல்லாம் சொன்னாள். அம்மாவைக் காத்து அடித்ததையும் சத்தியத்தையும் சொன்னாள்.

ஆன்சி நோட்டை மூடினாள். "சேச்சி, அம்மைக்கும் இது மாதிரி காலு வீங்கியிருந்ததா?"

சின்னம்மைக்கு இருபத்தொன்பது வருஷம் பின்னால் ஒரு கால் தெரிந்தது. அம்மா சாகுமுன் ஒரு வாரமாகத் தானே அந்தக் காலுக்கு வெந்நீர் ஊற்றியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எழும்பாமல் கிடந்த கால். அதை அவள் மறக்கவில்லை. ஒரு கணக்கிலும் சேர்க்காமல் விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இருந்துச்சு."

"அப்போ அது காத்தல்ல சேச்சி. பிரஷர். கையில பட்டை கட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும். மருந்து உண்டு." ஆன்சி சின்னம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து நாள் ரேணுகா கண் திறக்கவில்லை. ஐந்து நாளும் சின்னம்மை கோயில் வாசலில் கிடந்தாள். தன் உயிரை எடுத்துக்கொள் என்று வேண்டினாள். ஆத்தாளைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆத்தாளா சத்தியம் கேட்டாள்? கேட்டது அவள். ஆறாம் நாள் ரேணுகாவுக்கு நினைவு வந்தது என்று ஷமா ஃபேக்டரிக்குப் போன் செய்தாள். பத்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள்.

பன்னிரண்டாம் நாள் சின்னம்மை ஃபேக்டரிக்கு இருளப்பனுக்குச் சோறு கொண்டு போயிருந்தபோது அருண்பிரசாத் அங்கே போனில் கூப்பிட்டான். அன்று அவனுக்கு லீவு. அவன் குரல் வற்றிப் போயிருந்தது.

"அக்கா, உங்க தங்கச்சி எங்கிட்ட பொய் சொல்லிட்டாங்க்கா. மூணு மாசமா டாக்டருகிட்டயே போகல. ஏன்டின்னு கேட்டா, புள்ளய வெச்சுக்கிட்டு முடியல, சோம்பலா இருந்துச்சுங்கறா. சோம்பல். பாப்பாவ நான் ஒருத்தனாத்தாங்க்கா கொண்டு போய் மண்ணுல வெச்சேன். இவ மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேசவே வரமாட்டேங்குது. பேசாம இவள ஊருக்கு அனுப்பிட்டு, சுபினை எங்கம்மாகிட்ட விட்டுடலாமான்னு இருக்கேன்."

சின்னம்மை வாயைத் திறந்தாள். இருளப்பன் போனை வாங்கி, "அப்புறம் பேசலாம் மாப்ள" என்று வைத்துவிட்டான்.

"நீ எதுக்கு வாயத் தெறக்கற?" என்றான். "அவளே உன்னக் காட்டிக் குடுக்கல. தெரிஞ்சா அவன் உன்ன அந்த ஊட்டு வாசல்ல சேப்பானா? சுபின இனிமே உன் கண்ணுல காட்டுவானா? புருஷன் பொஞ்சாதி சண்ட, நாளாவட்டத்துல ஆறிப்போகும். பேசாம இரு."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவளிடம் இருந்தது ரேணுகா, சுபின் என்று அந்த இரண்டு உயிர்தான். சின்னம்மை தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயில் வாசலைக் கழுவினாள். கோலப்பொடியை எடுத்தவள் அதைத் திரும்ப வைத்துவிட்டாள். மாத்திரையில் மயங்கிக் கிடப்பவள் தங்கச்சி. அந்த நிலையிலும் அவளுக்கு அக்காவைக் காப்பாற்றத் தோன்றியிருக்கிறது. தான் நின்று கொண்டு அதை வாங்கிக்கொள்வதா?

அருண்பிரசாத் வேலை முடிந்து வீட்டுக்கு வருவது அங்கே ஐந்து மணிக்கு. இங்கே ஆறரை. ஃபேக்டரியில் இருளப்பன் முன்னால் நின்று பேச அவளுக்கு மனமில்லை. லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சின்னம்மை படலைத் திறந்து கீழே இறங்கினாள்.

"ஏய், இந்த நேரத்துலயா? யான நிக்குதாம்" என்று பாலாமணி வாசலிலிருந்து கூப்பிட்டாள். சின்னம்மை திரும்பவில்லை.

ஓடை வளைவு இருண்டு கிடந்தது. கல்லின் மேல் ஏறி நின்று கூப்பிட்டாள். போனை எடுத்தது சுபின். திரையில் அவன் மூக்கு மட்டும் தெரிந்தது.

"பெரிம்மா, அம்மா ஆசுப்பி."

"ஆமா தங்கம், ஆஸ்பத்திரிதான். அப்பாகிட்ட குடு."

அருண்பிரசாத் வந்தான். சின்னம்மை மூச்சு விடாமல் சொன்னாள். "தம்பி, ரேணுகா சோம்பல் படல. நாந்தான் போகவேணாம்னேன். அந்தியில வெளிய போகக்கூடாதுன்னு ஆத்தா மேல சத்தியம் வாங்கினேன். தலை வலிக்குது, போகட்டுமான்னு அவ விழறதுக்கு மூணு நாளு முன்னாடி கூட எங்கிட்ட கேட்டா. நான் வேணாம்னுட்டேன். அவளத் திட்டாதீங்க. அவகிட்ட பேசுங்க."

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"இத ஏன் அவ எங்கிட்ட சொல்லல?"

"என் மேல உங்களுக்குக் கோவம் வந்துடும்னு தம்பி."

சுபின் போனைக் கேட்டு அழுதான். அருண்பிரசாத் அவனைத் தூக்கிக்கொள்வது கேட்டது.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றான். "அவகிட்ட பேசறேன். நீங்க இனிமே கூப்பிடாதீங்க."

போன் அணைந்தது.

சின்னம்மை அந்தக் கல்லிலேயே நின்றாள். அவள் பயந்த நேரம் சுற்றிலும் நிறைந்திருந்தது. அவளை எதுவும் தொடவில்லை. ஓடையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மேலே பாலாமணி டார்ச் அடித்து அவள் பேரைச் சொல்லித் தேடினாள். "இங்கதான் இருக்கேன்" என்று சின்னம்மை கல்லிலிருந்து இறங்கினாள்.