தொட்டிலுக்கு மேலே பலாக்காய்

ஆஸ்பத்திரியில் மருந்துப் பட்டியல் எழுதும்போது பலாப்பழ வாசனை வந்தால், இன்றும் பேனாவை நிறுத்திவிட்டு மேலே பார்த்துவிடுகிறேன். மலேசியாவின் செலண்டார் எஸ்டேட்டில், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் லயத்தின் அத்தாப்பு ஓலைக் கூரைமேல் பக்கத்து வீட்டு முனியம்மா பெரியம்மாவின் பலாக்கிளை சாய்ந்திருந்தது. ஒரு காய் விழுந்து கூரை கிழிந்தபின், மிச்சமிருந்த ஐந்தையும் நான் தினமும் எண்ணினேன், பெரியது கைக்குழந்தைத் தம்பியின் தொட்டிலுக்கு நேர்மேலே. அப்பா கிளையை வெட்டச் சொன்னதும், அம்மன் குடியிருக்கும் மரமென்று பெரியம்மா அதற்கு மஞ்சள் துணி கட்டிவிட்டார். விசாரிக்க வந்த கங்காணியும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அம்மா சண்டை போடவில்லை. தொட்டிலை அவிழ்த்துப் பெரியம்மா வீட்டு உத்தரத்தில் கட்டினாள்.

"அம்மன் மரத்த வெட்ட வேணாம்கா. புள்ள இங்கயே தூங்கட்டும் லா."

தம்பி தூங்கவில்லை, கத்தினான். மூன்றாம் நாள் பெரியம்மாவே மரத்திலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

"அம்மன் கோயிலுக்கே போயிட்டா லா," என்றார் அப்பாவிடம். "கத்திய எடு."