மோருக்கு விலை சொல்லாத பௌர்ணமி

இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் என் மனைவி தையல் கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் சம்பளம் நின்றுபோனது. ஃபீஸ் கட்ட என் நிலத்து வரும்படி போதவில்லை.

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறவர்களுக்கு நீர்மோர் கொடுப்பது அப்பா காலத்து வழக்கம். அதை விற்கலாம் என்று நான்தான் சொன்னேன். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் முதலில் வந்த பெரியவர் மோரைக் குடித்துவிட்டு, "எவ்ளோங்க?" என்றார். விலை சொல்ல வேண்டிய நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஒண்ணும் வாணாம், போய்ட்டு வாங்க சாமி."

அடுத்து வந்தவரிடமும் இதே கதைதான். வாசலில் நின்றிருந்த மனைவி சிரித்துவிட்டாள்.

"நல்லா வித்தீங்க போங்க! மோர் சாமியோடதாவே இருக்கட்டும். நாம டீ போட்டு விக்கலாமே?"

அங்கேயே அடுப்பு மூட்டினாள். ஒரு பக்கம் மோர் சும்மா, மறுபக்கம் டீ காசுக்கு. மோர் குடித்தவர்களே டீயும் கேட்டார்கள். பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே அவள் இஞ்சி தட்டுவாள். அந்த வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பௌர்ணமி டீயில்தான் மூன்று வருட ஃபீஸையும் கட்டி முடித்தோம். இப்போது அவள் வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் வேலைக்குப் போகிறாள். டீ போடுவதை நிறுத்திவிட்டோம். மோர் மட்டும் நிற்கவில்லை. பழகிய முகம் யாராவது வந்து டீ கேட்டால், "என் படிப்பு முடிஞ்சிடுச்சிங்க" என்று சொல்லி மோரை நீட்டுவாள்.