மோட்டார் ரூமில் ஒரு ஓ.ஏ.பி. என்கொயரி

முப்பது வருடத்துக்கு ஒரு மாதம் குறைவாகச் சர்வீஸ் போட்டேன். அதில் ஒரே ஒரு மெமோ வாங்கியிருக்கிறேன். லஞ்சத்துக்குக் கை நீட்டியதற்கு இல்லை, ஜமாபந்தி தணிக்கைக்கு லேட்டாகப் போனதற்கும் இல்லை. நானே எழுதிய ரிப்போர்ட்டை நானே தப்பு என்று எழுதிக் கொடுத்ததற்காக. புதிதாகச் சேர்ந்திருக்கும் வி.ஏ.ஓ. பிள்ளைகள் சிலர் இப்போது வாட்ஸ்அப்பில் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். "ஓ.ஏ.பி. என்கொயரிக்குப் போனா அங்க என்ன மேடம் பாக்கணும்?" என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள். அதற்கு மட்டும் விரல் ஓடவில்லை. ஓ.ஏ.பி. என்றால் முதியோர் உதவித்தொகை. அதில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. என் மூன்று பாயிண்ட்

சின்னமனூரிலிருந்து மொபெட்டில் இருபது நிமிடத்தில் போய்விடும் ஊர் அது. ஊர்ப் பெயர் வேண்டாம், ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும். அறுப்பு சமயத்தில் வண்டியில் போனால் பழ வாசனை கூடவே வரும். இன்றைக்கும் பழக்கடையில் பன்னீர் திராட்சையைப் பார்த்தால் எனக்கு அடங்கல் நோட்டுதான் ஞாபகம் வருகிறது. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று வயல் வயலாக நடந்து எழுதிய நோட்டு. கால் வலித்தாலும் அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது.

என் தலையாரி கருப்பையா. கிராம உதவியாளர் என்பது ஆர்டரில் உள்ள பெயர், ஊரில் தலையாரிதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் மொபெட் வாரம் ஒரு தடவை நடுவழியில் நின்றுவிடும். அவர்தான் தள்ளுவார். "மேடம், இந்த வண்டிக்கும் ஒரு ஓ.ஏ.பி. மனுப் போட்டுருவம்" என்பார். நானும் சிரித்துக்கொண்டே நடப்பேன்.

ஓ.ஏ.பி. மனு வந்தால் நேரில் போய் விசாரித்து, வாக்குமூலம் வாங்கி, ரிப்போர்ட் எழுத வேண்டும். தாங்குவதற்கு மகனோ பேரனோ இருக்கக் கூடாது, சொத்து இருக்கக் கூடாது, ஆதரவற்றவராக இருக்க வேண்டும். உண்மையான ஏழை யார், நடிக்கிற ஏழை யார் என்று கண்டுபிடிக்க நான் மூன்று பாயிண்ட் வைத்திருந்தேன். அடுப்பு, துணிக்கொடி, நாற்காலி. அடுப்பில் சோறு கொதித்தால் வருமானம் இருக்கிறது. கொடியில் இரண்டு சேலைக்கு மேல் கிடந்தால் வாங்கித் தர ஆள் இருக்கிறது. வந்தவரை உட்காரச் சொல்ல நாற்காலி இருந்தால் அது வசதியான வீடு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, என் சொந்தக் கண்டுபிடிப்பு. பத்து நிமிடத்தில் ஒரு என்கொயரியை முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2. காப்பியும் முறுக்கும்

பேச்சியம்மா ஒரு திங்கட்கிழமை மனுவோடு ஆபீசுக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். பாதி ஆயுசை மலையாளத்து ஏலக்காய் எஸ்டேட்டில் கழித்தவர். புருஷன் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. கை நடுக்கம் வந்து காய் எடுக்க முடியாமல் போனதும் ஊருக்கு இறங்கி வந்துவிட்டார். ஒரு திராட்சைத் தோட்டக்காரர் தன் மோட்டார் ரூமில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். கிணறு வற்றி, மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்ட ரூம்.

"தோட்டத்த விக்கப் போறாகளாம் ஆத்தா. கீழத்தெருவுல வாடகைக்கு ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன். பென்சன் வந்தா அங்கன போயிருவேன். வரலைன்னா பஸ் ஸ்டாப்புதேன்" என்றார். அழவில்லை, கெஞ்சவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினேன். பந்தலுக்குள் தலையைக் குனிந்தபடி நானும் கருப்பையாவும் போனோம். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளே சாணி மெழுகிய தரை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் நான்கு சேலைகள், அதில் ஒன்று சின்னாளபட்டு. நடு ரூமில் நீலக் கலர் பிளாஸ்டிக் நாற்காலி. பேச்சியம்மா எண்ணெய் தேய்த்து வழித்துச் சீவிய தலையோடு நின்றார். வெளியே மேலத்தெருப் பெண்கள் நாலைந்து பேர் தோட்ட வேலைக்குப் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எவர்சில்வர் தம்ளரில் காப்பி வந்தது. தட்டில் முறுக்கு வந்தது. நல்ல காப்பி.

"உங்கள யாரும்மா பாத்துக்கிறாக?" என்று கேட்டேன்.

"எனக்கென்னத்தா, ஒரு கொழப்பமும் இல்ல. எல்லாரும் நல்லாப் பாக்குறாக. நீங்க முறுக்கு எடுத்துக்கங்க." குறையில்லை என்பதை அவர் எஸ்டேட் பழக்கத்தில் அப்படித்தான் சொல்வார்.

மூன்று பாயிண்டும் ஒரே பார்வையில் முடிந்துவிட்டது. ஆபீசுக்கு வந்து மூன்று வரி எழுதினேன். மனுதாரர் நல்ல நிலையில் வசித்து வருகிறார். அக்கம்பக்கத்தார் ஆதரவு உள்ளது. பரிந்துரை செய்யப்படவில்லை. எழுதும்போது எனக்குச் சின்ன எரிச்சல்கூட இருந்தது. சின்னாளபட்டு கட்டுகிறவருக்கு எதற்கு உதவித்தொகை என்று.

மனு தள்ளுபடியாகி வந்தது. அந்தக் கடிதத்தைக் கருப்பையாதான் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் என் வண்டியைப் பற்றிக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். எனக்கு அது உறைக்கவில்லை.

3. சர்வேக்குப் போன இடத்தில்

அடுத்த மாதம் தோட்டம் கைமாறியது. உட்பிரிவு செய்வதற்காக சர்வேயர் வந்தார். அளக்கும்போது நானும் கூட இருக்க வேண்டும். நல்ல வெயில். போன தடவை குடித்த காப்பி நாக்கில் நின்றதால், அளவுச் சங்கிலியை அவர்கள் இழுக்கட்டும் என்று விட்டுவிட்டு மோட்டார் ரூமுக்கு நடந்தேன். இந்தத் தடவை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தட்டினேன்.

"யாரது?"

"நாந்தேன், வி.ஏ.ஓ."

கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே குரல் வந்தது. "நாளைக்கு வாரீகளா ஆத்தா? இன்னைக்கு இங்கன ஒழுங்கா இல்ல."

"தண்ணி மட்டும் குடுங்க, போதும்."

கதவு இடுக்கு வழியாக ஒரு கை பழைய பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டியது. வாங்கும்போது உள்ளே தெரிந்தது. கொடியில் ஒன்றும் இல்லை. நாற்காலி இல்லை. மூன்று கல் அடுப்பில் சாம்பல்கூட இல்லை, பல நாளாக யாரும் மூட்டாத அடுப்பு. தரையில் ஒரு உரச் சாக்கு. முழங்காலுக்கு மேல் கிழிந்த சேலையைக் கையால் கூட்டிப் பிடித்தபடி பேச்சியம்மா கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தண்ணீரைக் குடிக்காமல் ரூமுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தேன். கருப்பையா அங்கே நின்றார்.

"அந்த நீலச் சேர் எங்க?"

"அது எங்க வீட்டுச் சேரு மேடம்."

"சேலை?"

"மேலத்தெருவுல ஆளுக்கு ஒண்ணு குடுத்தாக. பட்டு செல்லத்தாயியோடது. அரிசி, பாலு, முறுக்கு எல்லாம் அங்கன இருந்து வந்ததுதேன்."

"உதவித்தொகை கேக்குற எடத்துல எதுக்கய்யா இந்தச் சோடனை? பொண்ணு பாக்கவா வந்தேன்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கோவிச்சுக்கிறாதீக மேடம். அதுக்கு முந்தின மாசம் ஆத்தோரம் சுப்பையா குடிசைக்குப் போனம்ல. நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டு, வண்டிய விட்டு எறங்காமலே எழுதிட்டு வந்துட்டீக. அந்த மனுவும் தள்ளுபடியாப் போச்சு. அழுக்கா இருந்தா மேடம் உள்ள வரமாட்டாக, உள்ள வந்தாத்தேன் நல்லது நடக்கும்னு தெருவே சேந்து ஒழுங்கு பண்ணுனம்."

சுப்பையா குடிசைக்குள் நான் போகவில்லை என்பதே அவர் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. நான் மறந்துவிட்டதை ஊர் மறக்கவில்லை. என் மூன்று பாயிண்ட் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. நான் என்ன மாதிரி ஆள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. வெட்கத்தை மறைக்கக் கோபப்பட்டேன்.

"என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு நீங்க முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தீக மேடம்" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார்.

4. கைரேகை

சுப்பையா மனு, பேச்சியம்மா மனு, இரண்டையும் மறுபடி எடுக்கச் சொல்லி எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். தாசில்தார் என் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, போன மாசம் நல்லா இருக்காங்கன்னு எழுதுனதும் நீங்க. இப்ப சோத்துக்கு வழியில்லைன்னு எழுதுறதும் நீங்க. எது பொய்?"

"போன மாசம் எழுதுனது சார்."

"அப்ப விளக்கம் குடுங்க."

அப்படி வந்ததுதான் அந்த மெமோ. மெமோவால் எனக்குப் பெரிய சேதமில்லை. சேதம் வேறிடத்தில் நடந்தது. பேப்பர் நகர்வதற்குள் தோட்டம் வாங்கியவர் மோட்டார் ரூமை இடித்துவிட்டார். பேச்சியம்மா சொன்னபடியே ஒரு மூட்டையோடு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். மேலத்தெருவில் கூப்பிடாத வீடு இல்லை. ஒவ்வொன்றும் ஒற்றை அறை, அதற்குள் மகனும் மருமகளும் குழந்தைகளும். "இருக்குறதே எடம் பத்தல, நான் வேற எதுக்கு" என்று மறுத்துவிட்டாராம். அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது என் மூன்று வரி. இதை நான் யார் மேலும் தள்ளிவிட முடியாது.

புது வாக்குமூலம் எழுதப் பஸ் ஸ்டாப்புக்கே போனேன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, அவர் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். வேலை முடிந்து வந்த மேலத்தெருப் பெண்கள் தூக்குச்சட்டியோடு அப்படியே சுற்றி நின்றார்கள். எழுதி முடித்ததும் வழக்கப்படி உரக்கப் படித்துக் காட்டினேன். "எனக்கு ஆதரவு என்று யாரும் இல்லை" என்ற வரி வந்ததும் பேச்சியம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அத எடுத்துருங்க ஆத்தா."

"அது இருந்தாத்தேன் பென்சன் கெடைக்கும். போன தடவை எல்லாரும் பாக்குறாகன்னு சொன்னீக, அதேன் தள்ளுபடியாச்சு."

"பாக்கத்தானத்தா செய்றாக. அந்தா செல்லத்தாயி, இன்னிக்கு விடியக்காலம் கஞ்சி கொண்டாந்தது அவதேன். அந்தத் துப்பட்டி, அவ பக்கத்துல நிக்கிறாகள்ல, அவுக குடுத்தது. இம்புட்டுப் பேரையும் முன்னால நிப்பாட்டி வச்சுக்கிட்டு யாரும் இல்லைன்னு நான் எப்பிடி ரேகை வைக்கிறது?"

விதியைச் சொல்லிப் பார்த்தேன். அதட்டியும் பார்த்தேன். பிடி கொடுக்கவில்லை. "அப்பிடிச் சொல்லித்தேன் வாங்கணும்னா எனக்கு வேணாம்" என்று மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மறு விசாரணைக்குத் தாலுகா ஆபீஸ் கொடுத்த கெடுவில் அன்றே கடைசி நாள். அந்த வரி இல்லாமல் பேப்பர் போனால் தாசில்தார் என்ன செய்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கூட வந்திருந்த கருப்பையாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

செல்லத்தாயிதான் முன்னால் வந்தார். நாற்பது வயது இருக்கும், கையெல்லாம் திராட்சைக்கு அடிக்கிற மருந்தின் நீலம். பேச்சியம்மாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏத்தா, இங்க பாரு. அந்த மேடம் எழுதுனதுனால நாங்க இல்லாமப் போயிருவமா? அது கவருமெண்டுக்குச் சொல்ற பேச்சு. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. வையி."

"மனசுக்குச் சங்கட்டமா இருக்குடி."

"எங்களுக்கும்தேன். வையி."

மற்ற பெண்களும் சொன்னார்கள். வையிங்க, வையி பெரியம்மா, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம் என்று ஒவ்வொருவராக. பேச்சியம்மா அவர்கள் முகத்தை வரிசையாகப் பார்த்தார். "கோவிச்சுக்கிறாதீக" என்றார். பிறகு இங்க் பேடில் பெருவிரலை அழுத்தி, அந்த வரிக்குக் கீழே வைத்தார். நான் பேப்பரைக் கையில் எடுத்தேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அழவும் செய்தேன்.

சுப்பையா, பேச்சியம்மா இரண்டு பேருக்கும் உதவித்தொகை சாங்ஷன் ஆனது. கீழத்தெரு ரூமில் பேச்சியம்மா நான்கு வருடம் இருந்தார்.

அதற்குப் பிறகும் யாரும் இல்லை என்ற அந்த வரியை எத்தனையோ பேருக்கு எழுதினேன். எழுதாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆனால் முதலில் பக்கத்து வீட்டில் போய் உட்காருவேன். இந்த மனுஷருக்கு இதுவரை யார் சோறு போட்டது, யார் துணி கொடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேனாவைத் திறப்பேன். அவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்வேன். ஒரு ஏழையிடம் சர்க்கார் போய்ச் சேர்வதற்கு வெகு நாள் முன்பே அங்கே ஆட்கள் போயிருப்பார்கள். அந்த ஆட்களே இல்லை என்று ஏழையைச் சொல்ல வைத்துத்தான் நான் ஒவ்வொரு கைரேகையும் வாங்கினேன்.